யானை தண்ணீர் குடிக்கப் போன ஆட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எழுதச் சொன்னவள் இனோங்கே. கப்வே பேருந்து நிலைய வாசலில் பணியாரம் சுட்டு விற்பவள். அவள் கடை பெஞ்சில்தான் அந்தச் சதுரங்க ஆட்டம் நடந்தது. அன்றிலிருந்து நான் அதைப் பதினோரு இடங்களில் பதினோரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். முடிவெட்டும் கடையில் சொன்னபோது கபாசோ ஜெயித்தார். தேவாலய வாசலில் ஜெரே ஜெயித்தார். ஒரு சாவு வீட்டில், துக்கத்தில் இருப்பவர்களை மேலும் வருத்த வேண்டாமே என்று, இரண்டு பேரையும் ஜெயிக்க வைத்தேன்.

இது இனோங்கே காதுக்குப் போய்விட்டது.

"மாட்டுக்காரரே, ஒரு தடவை எழுதித் தொலையும். எழுதிட்டீர்னா அப்புறம் ஒரே பொய்யத்தானே திரும்பத் திரும்பச் சொல்லியாகணும்? கேக்குறவங்களுக்கும் சௌகரியம்."

அவள் என்னை இப்படிப் பேசலாம். நான் மாடு வளர்க்கும் டோங்கா இனம், அவள் லோசி. எங்கள் இரண்டு இனத்துக்கும் தாத்தாக்கள் காலத்திலிருந்தே மச்சான் மச்சினி முறை. அவள் என்னைத் திட்டலாம், என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம், நான் செத்தால் என் சவப்பெட்டி மேல் உட்கார்ந்து "எழுந்திரும், கடன் பாக்கி" என்று கூப்பாடு போடலாம். நான் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தோற்றவன் நான். நான் உயிரோடு இல்லாத கட்டத்திலும் இதுதான் சட்டம்.

எழுதிய தாள்களை அவளிடம்தான் கொடுத்துச் சரிபார்க்கிறேன். எண்ணெய்க் கையோடு படித்து ஓரத்தில் ஏதாவது கிறுக்கித் தருகிறாள். அவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அழிக்கலாம் என்றுதான் பார்த்தேன். எண்ணெய்க் கறை போகவில்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "அன்று கப்வே நகரமே கைவேலையைப் போட்டுவிட்டு அந்தப் பெஞ்சைச் சுற்றி நின்றது. நாலாயிரம் பேர் மூச்சுவிடாமல்—"

[பதினோரு பேர். அதுல ரெண்டு ஆடு.]

இரண்டாவது: "சதுரங்கம் என்பது மனித மனத்தின்—"

இந்த வாக்கியத்தை இங்கேயே இறக்கிவிட்டேன். 'மனித மனத்தின்' என்ற சொல்லுக்குப் பிறகு எதைப் போட்டாலும் வாசகர் தூங்கிவிடுவார். நானே கொஞ்சம் தூங்கினேன்.

மூன்றாவது: "லாசரோ கபாசோவின் யானை எப்போதும் மூன்றாவது நகர்த்தலில் செத்துப்போகும்."

இது நிஜம். நிஜமாக இருந்தும் சுவையாக இருக்கிறது. இப்படி அபூர்வமாகத்தான் அமையும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2 (மறுபடியும்)

லாசரோ கபாசோவின் யானை எப்போதும் மூன்றாவது நகர்த்தலில் செத்துப்போகும்.

(பலகையின் நாலு மூலையிலும் நிற்கும் அந்தக் காயை இங்கே கோட்டை என்பார்கள். நான் யானை என்றே எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது. கோட்டை எங்காவது தண்ணீர் குடிக்கப் போகுமா?)

உலகத்தில் சதுரங்கம் ஆடுகிற எல்லோரும் நடுச் சிப்பாய்களைத்தான் முதலில் நகர்த்துவார்கள். கபாசோ இரண்டு ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்துவார். முதலில் இடது ஓரம், பிறகு வலது ஓரம். வழி திறந்ததும் மூன்றாவது நகர்த்தலில் இடது யானை தன் மூலையை விட்டு அசைந்து அசைந்து வெளியே வரும். நாலாவதில் வலது யானை. காட்டில் சாயங்காலம் யானைகள் ஆற்றுக்கு இறங்குவது போல. அந்தத் தொடக்கத்துக்கு அவர் வைத்த பெயரும் அதுவே: யானைத்துறை.

பார்க்க அத்தனை அழகு. ஒரே ஒரு குறை. எதிராளியின் மந்திரி (ராணி அல்ல, மூலைவாட்டில் மட்டுமே போகும் காய்) குறுக்காக ஓடிவந்து அந்த யானையை வெட்டிவிடும். முதலில் இடதை, பிறகு வலதை. எந்த எதிராளியும் இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை. மந்திரி தானாகவே போய்விடும் போலத் தோன்றும். கபாசோ இந்தத் தொடக்கத்தை ஆடி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறை தோற்றிருக்கிறார்.

[இந்த எண்ணு சரி. நான் கதவுல கோடு போட்டு வச்சிருக்கேன்.]

பார்த்தீர்களா? நான் மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில்தான் நான் உண்மை பேசுவேன்.

3

'ஏன் இந்த மனிதர் திருந்தவில்லை?' என்று கேட்பீர்கள். எனக்கும் முதல் பிரதியில் கபாசோ மேல் சந்தேகம் இருந்தது. நாலாயிரம் முறை தோற்றும் அதையே ஆடுபவரை ஒன்று முட்டாளாக எழுத வேண்டும், இல்லை ஞானியாக எழுத வேண்டும். இரண்டுமே எழுதச் சுலபம். அதனாலேயே இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அவர் மாகாண அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் அடித்தார். "மேற்படி விஷயம் தொடற்பாக" என்று மேலதிகாரி தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே அடிக்க வேண்டும். ஒருமுறை திருத்திவிட்டார். மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். ஓய்வுபெற்ற மறுநாள் காலை இனோங்கேயின் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். நேராக இடது ஓரச் சிப்பாயை நகர்த்தினார்.

"என் கையால போன கடுதாசி எத்தனை லட்சம் இருக்கும்! அதுல ஒரு கமா கூட என்னுது இல்ல," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இந்த ரெண்டு யானையும் மட்டுந்தான்யா என்னுது."

"அதான் மூணாவது நகர்த்தல்லயே போயிடுதே."

"போனாலும் என்னுதுதானே போகுது?"

இதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். நல்ல பதிலாக இருந்திருந்தால் நினைவிருந்திருக்கும்.

எனக்கு அவரைப் புரிந்தது. நான் ரயில் நிலைய அறிவிப்பாளன். அச்சடித்த அட்டவணையைத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் ரயில் தாமதமானால் காரணம் சொல்ல வேண்டுமே, அது அட்டவணையில் இருக்காது. அந்த ஒரு வரி என் கையில். "தண்டவாளத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் உட்கார்ந்து சாப்பிடுவதால்" என்று ஆரம்பித்தேன். ஓய்வுபெறும் நேரத்தில், எஞ்சின் ஓட்டுநரின் மாமியார் ரயிலைத் திரும்பிப் போகச் சொன்னதாகவும் அவர் மரியாதை கருதி இருபது மைல் பின்னால் போனதாகவும் அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயணிகூடப் புகார் கொடுக்கவில்லை. மாமியார் என்றதும் எல்லோரும் தலையாட்டிவிட்டு மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

4

இனி ஜெரே. இவரைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

ஸெப்ரோன் ஜெரே வாகன ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்தவர். எல்லாமே விதிப்படி. கண்ணாடியைச் சரிசெய்யாமல் வண்டியை எடுத்தால் தோல்வி. சரிசெய்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தால், அதற்கும் தோல்வி. அந்தத் தேர்வில் கபாசோவை ஏழு முறை தோற்கடித்தவர். கபாசோ இன்னமும் நடந்துதான் போகிறார்.

ஜெரேயிடம் ஒரு சதுரங்கப் புத்தகம் உண்டு. பழைய புத்தகத்தின் நகல். அதில் எந்தத் தொடக்கத்துக்கு எது பதில் என்று பதினாலு நகர்த்தல் வரைக்கும் இருக்கும். பதினைந்தாவதிலிருந்து பக்கங்கள் இல்லை. எலி கடித்துவிட்டது. ஜெரே அதை மடியில் வைத்து, விரலால் வரி ஓட்டி ஆடுவார். அப்படி ஆடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "விடுங்கய்யா, அது இல்லாட்டி மனுஷனுக்கு மயக்கம் வரும்" என்று இனோங்கே அனுமதி கொடுத்துவிட்டாள்.

கபாசோ பெம்பா. ஜெரே ங்கோனி. அவர்களும் மச்சான் முறை. ஆகவே அந்தப் பெஞ்சில் சதுரங்கம் பாதி, வாய்ச்சண்டை மீதி: ஒருவர் இனம் எதைத் தின்னும் என்று மற்றவர் கிண்டல் செய்வார்.

"வாய்யா குரங்குதின்னி. இன்னைக்கும் யானையக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"வந்துட்டேன் எலிதின்னி. உன் புத்தகத்துல பதினஞ்சாம் பக்கத்த எலி தின்னுது, எலிய நீ தின்ன. அப்போ அந்தப் பக்கம் உன் வயித்துக்குள்ளதானே மச்சான் இருக்கு? ஏன் வெளிய தேடுற?"

"பதினாலு போதும்டா. உன் யானை மூணுலயே சாவுது."

ஒரு சனிக்கிழமை ஜெரேவுக்கு அலுத்துவிட்டது. பந்தயம் கட்டினார். இன்று கபாசோ தோற்றால் யானைத்துறையை இந்த ஜென்மத்தில் ஆடக் கூடாது. இனி புத்தகத்தில் உள்ளதைத்தான் ஆட வேண்டும். கபாசோ ஜெயித்தால், புத்தகத்தின் பின்னட்டையில் யானைத்துறையை முழுசாக, கண்டுபிடித்தவர் பெயரோடு, ஜெரே தன் கையாலேயே எழுதுவார்.

கபாசோ தன் யானையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "என் முழுப்பேரும் எழுதுவியா?" என்றார்.

"அப்பன் பேரோட."

"சரி."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோடு போட்ட கதவை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். நாலாயிரம் ஆடுகளும் பார்த்தன.

[ரெண்டு.]

6

ஐந்தாம் பகுதி இல்லை. அந்தத் தாளில் இனோங்கே பணியாரம் சுற்றி, லுசாகா பேருந்தில் போகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை. சதுரங்கத்தில் கற்பனைக்கு என்ன வேலை என்று நான் எழுதிய கட்டுரை அது. சாரம் இதுதான்: கட்டம் அறுபத்துநாலு, காய் முப்பத்திரண்டு, விதி எல்லோருக்கும் ஒன்று. யாராலும் புதுக் கட்டம் வரைய முடியாது. அப்படியானால் புதுசு எங்கிருந்து வரும் என்று கேட்டு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். பதில் நாலாம் பக்கத்தில் வருவதாக இருந்தது. லுசாகாவில் யாராவது அந்தத் தாளை விரித்துப் பார்த்தால், பதில் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பணியாரத்தையாவது சாப்பிடட்டும்.

ஆட்டத்துக்கு வருகிறேன்.

இனோங்கேயின் காய்ப்பெட்டியில் எல்லாக் காயும் இல்லை. வெள்ளைச் சிப்பாய் இரண்டுக்குச் சோடா மூடி. கறுப்புக் குதிரைக்குச் சீப்பின் பாதி. கபாசோவின் இடது யானை ஒரு டார்ச் பேட்டரி. சில நாள் வேர்க்கடலையும் மிட்டாயும்கூடச் சிப்பாயாக நிற்கும். அதனால் இனோங்கே ஒரு கட்டளை போட்டிருந்தாள்: பலகையில் தின்னக்கூடியதை எவன் வெட்டினாலும், அங்கேயே, அப்போதே, அவனே தின்ன வேண்டும். "வெட்டுப்பட்டத நான் திரும்ப விக்க மாட்டேன். அது மரியாத இல்ல" என்பாள்.

கபாசோ இடது ஓரத்தை நகர்த்தினார். ஜெரே புத்தகத்தில் விரல் வைத்து நடுச் சிப்பாயை நகர்த்தினார். கபாசோ வலது ஓரம். ஜெரே மறுபடி நடு. இரண்டு மந்திரிகளுக்கும் வழி திறந்தாயிற்று. யானைகள் சாக வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து இனோங்கேயின் வானொலி செத்துப்போனது. நம் நாட்டு அணியின் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, கோல் விழுந்ததா இல்லையா என்கிற கட்டத்தில். அவள் யோசிக்கவே இல்லை. பலகைக்குக் கை நீட்டி, கபாசோவின் யானையைத் தூக்கி வானொலிக்குள் போட்டாள். கோல் விழவில்லை என்று தெரிந்தது.

"இந்தா, ஒரு கல்ல வச்சுக்கோ," என்றாள்.

கபாசோ கல்லைப் பார்த்தார். ஜெரேயைப் பார்த்தார். பிறகு வாணலியைப் பார்த்தார். (இந்த மூன்று பார்வைகளை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பலகையைப் பார்க்காமல் ஒருவர் சதுரங்கம் ஆடியதை அன்றுதான் கண்டேன்.)

"கல்லு வேணாம்மா. ஒரு பணியாரம் வை. சூடா, சர்க்கரை தூக்கலா."

அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது நகர்த்தலில் பணியார யானை ஆவி பறக்க வெளியே வந்து நின்றபோதுதான் புரிந்தது. ஜெரேவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் மனைவி ஊசி போடுகிற நர்ஸ். போன ஈஸ்டருக்கு, சபை முன்னால் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, பணியாரம் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார். அந்த அம்மாவின் தங்கை அடுத்த கடையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் தக்காளியைவிட எங்கள் பக்கம்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரேயின் கை மந்திரி மேல் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

"என்னாச்சு மச்சான்?" என்றார் கபாசோ. "நாலாயிரம் தடவ வெட்டுன. வெட்டு."

"இது... இது எங்க புத்தகத்துல இல்ல."

"பணியாரம் எந்தப் புத்தகத்துல இருக்கும்? பணியாரம் வாணலியில இருக்கும்."

"அத்தான்!" என்று தக்காளிக் கடையிலிருந்து குரல் வந்தது. "வாசன எனக்கே வருது. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

ஜெரே யானையை வெட்டவில்லை. வரலாற்றில் முதல்முறையாகக் கபாசோவின் யானை ஆற்றங்கரையில் உயிரோடு நின்றது. கபாசோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அடுத்த நகர்த்தலில் வலது யானை வந்தது. அது மரயானை. உடனே செத்தது. ஆனால் அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

7

இந்தப் பகுதியை நீங்கள் வேகமாகப் படிக்கலாம். ஆட்டமும் வேகமாகத்தான் போயிற்று. பதினாலாவது நகர்த்தலோடு ஜெரேயின் புத்தகம் முடிந்தது. அவர் வெறும் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. அதற்குப் பிறகு பயத்தில் தன் ராஜாவைக் கொண்டுபோய் மூலையில் ஒளித்தார். அதன் பக்கத்தில் தன் யானையையே நிறுத்தினார். மூலைவாட்டில் ஒரு சிப்பாய், நேர் முன்னால் ஓரக் கோட்டில் ஒரு சிப்பாய். தன்னைத்தானே அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது போல.

பணியார யானை பலகையின் குறுக்கே உருண்டு வலது ஓரத்துக்கு வந்தது. அதன் முன்னால், அதே நேர்கோட்டில், கபாசோவின் ராணி. இன்னும் ஒரே நகர்த்தல். ராணி முன்னேறி அந்த ஓரச் சிப்பாயை வெட்டினால், பின்னால் யானை காவல், ராஜா நகர இடமில்லை, ஆட்டம் முடிந்தது.

கபாசோவின் முறை. அவர் அதைப் பார்த்துவிட்டார். காது வரை சிரிப்பு. உடனே நகர்த்தியிருக்கலாம். ஆனால் நாலாயிரம் தோல்விக்குப் பிறகு அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் வாயில் அடக்கி வைக்க நினைத்தார். சட்டைக் கைகளை மடித்தார். தொண்டையைச் செருமினார். அங்கிருந்த ஆட்டுக்கு வணக்கம் வைத்தார்.

அந்த இடைவெளியில் ஜெரே கையை நீட்டினார். கபாசோவின் ராணியைப் பலகையிலிருந்து எடுத்தார். தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

8

இங்கேதான் எனக்கு ஜெரே மேல் சந்தேகம். நானே கற்பனை செய்திருந்தால் அவரை அப்படிச் செய்யவிட்டிருக்க மாட்டேன். கண்ணாடி சரிசெய்யாததற்கு ஆளைத் தோற்கடித்தவர்! புத்தகம் முடிந்ததும் மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தால், புத்தகத்திலேயே இல்லாத ஒன்றைச் செய்துவிட்டார். அன்றைய ஆட்டத்தின் மிகப் புதுமையான நகர்த்தல் ஜெரேயுடையதோ என்றுகூட இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன்.

[குறட்ட விட்டுட்டுதான் கிடந்தீர். ஊர்ல கேளும்.]

"யோவ்!" என்றார் கபாசோ.

"என்ன யோவ்? மச்சான் முறை. உன் வீட்டுல எத வேணா எடுப்பேன். போன மழைக்கு நீ என் குடைய எடுத்துட்டுப் போகல? நான் வாயத் தொறந்தேனா?"

"குடையும் ராணியும் ஒண்ணாய்யா?"

"குடை பெருசு. கோவமா மச்சான்? சொல்லு. கோவம்னா நீ தோத்த."

"கோவம் இல்ல," என்றார் கபாசோ. கழுத்து நரம்பெல்லாம் நாண் மாதிரி நின்றது. "எனக்கு எதுக்குக் கோவம்? சந்தோஷமா இருக்கேன். பாரு, சிரிக்கிறேன்." சிரித்தார். ஆடு ஒன்று எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

எல்லோரும் இனோங்கேயைப் பார்த்தோம். அவள் இரு தரப்புக்கும் உறவில்லாதவள். அதனால்தான் நடுவர். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜெரேயண்ணே, அந்தப் புத்தகத்தக் குடுங்க." முதல் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகப் படித்தாள். எதிராளியின் காயைப் பலகையிலிருந்து அகற்றுபவர் தோற்றவராவார். "இது சதுரங்கச் சட்டம். கபாசோவண்ணே கேட்டா, ஆட்டம் அவருது. கேட்டா மட்டும். மச்சான் எடுத்தத மச்சான் கேக்குறது முறையான்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க குடும்ப விவகாரம். பத்து நிமிஷம் தரேன்." அலாரக் கடிகாரத்தைத் திருகி வைத்தாள். "கேளு, இல்ல ஆடு."

ராணி இல்லாமல் ஆடுவதா? என்னைப் போன்றவனுக்கே தெரியும், ராணி இல்லாத கபாசோ இன்னும் ஏழெட்டு நகர்த்தலில் தோற்பார். அதோடு யானைத்துறை முடிந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெயர் புத்தகத்தில், அப்பன் பெயரோடு.

9

முடிவுகள்.

முதல் முடிவு. கபாசோ கேட்கிறார். ஜெரே முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னட்டையில் எழுதுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. நாலு வரி எழுதினேன். அப்புறம் ஒன்று உறைத்தது. அந்தப் பெயர் புத்தகத்தில் ஏறுவது முதல் பக்கச் சட்டத்தால். அங்கே யானை எங்கே இருக்கிறது? மறுபடியும் யாரோ எழுதியதை அவர் அப்படியே அடித்துக் கொடுத்தது போல—

இரண்டாம் முடிவு. கபாசோ ஜெரேயின் ராஜாவைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்குகிறார். மருத்துவமனை. ஊர்வலம்.

[என் கடைல யாரும் எதையும் முழுங்கல. இத அடியும்.]

மூன்றாம் முடிவு. மழை வருகிறது. (மழை வந்தால் எந்தக் கதையையும் முடித்துவிடலாம். ஆனால் அது ஆகஸ்ட் மாதம், எங்கள் ஊரில் சொட்டு மழை விழாது. எனக்கும் ஓர் அளவு உண்டு.)

உண்மையில் நடந்தது, நடந்தவரைக்கும், இதுதான். கபாசோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நாலு நிமிடம் போயிற்று. வாயைத் திறந்தார், மூடினார். "நான் கேக்க—" என்றார். ஒரு வாணலிப் பணியாரம் முழுக்கக் கருகியது. வானொலியில் ஒரு கோல் விழுந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தக்காளிக் கடைக்காரி கடையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பெஞ்சின் பின்னால் வந்து நின்றாள்.

பிறகு கபாசோ குனிந்தார். பலகையை, கன்னம் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தார். ராணி நின்ற கட்டம் காலி. அதற்குப் பின்னால் நின்ற பணியார யானைக்கு இப்போது நேர்வழி. மறித்துக்கொண்டு நின்றவளை ஜெரேதான் எடுத்துப் பையில் வைத்திருக்கிறாரே!

"கேக்கல," என்றார். "ஆடுறேன்."

பணியாரத்தை இரண்டு விரலால் தூக்கினார். நேராகக் கொண்டுபோய் ஜெரேயின் ஓரச் சிப்பாயை வெட்டி, அந்த இடத்தில், ராஜாவின் மூக்குக்கு நேராக வைத்தார்.

"ராஜாவுக்கு செக்."

ஜெரே புன்னகையோடு பலகைக்குத் திரும்பினார். புன்னகை பாதியில் நின்றது. ராஜா மூலையில். பக்கத்தில் தன் யானை, மூலைவாட்டில் தன் சிப்பாய். நகர இடமில்லை. குறுக்கே வைக்க எதுவுமில்லை. யானைக்குக் காவல் இல்லை, வெட்டலாம். வெட்டலாம் என்ன, வெட்டுவதைத் தவிர வேறு நகர்த்தலே கிடையாது. வெட்டினால் தின்ன வேண்டும்.

"அத்தான்," என்றாள் தக்காளிக்காரி, மெதுவாக.

"வெட்டலேன்னா?" என்றார் ஜெரே.

"ஆட்டம் அவருது," என்றாள் இனோங்கே.

"வெட்டுனா?"

"தின்னணும். அப்புறம் வீட்டுக்குப் போகணும்."

[நான் இன்னும் கொஞ்சம் நாகரிகமாச் சொன்னதா ஞாபகம். பரவால்ல, இருக்கட்டும்.]

வெட்டிவிட்டால் அதற்குப் பிறகு என்ன? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கபாசோ தோற்கிறார். இனோங்கே போட்ட கணக்கில் மூன்றாவது நகர்த்தலில் கபாசோவின் குதிரை வந்து ராஜாவைப் பிடிக்கிறது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குச் சதுரங்கம் தெரியாது. யாருக்கு என்று அவள் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். அந்த ஒரு கறையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.

ஜெரே மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர் போல மடியில் புத்தகத்தைத் தேடினார். அது இனோங்கே கையில் இருந்தது. அவள் தரவில்லை.

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு தடவ," என்றார் கபாசோ. குரலில் கிண்டல் இல்லை. "புத்தகத்தப் பாத்துக்கிட்டே என் யானைய வெட்டுன மச்சான். ஒரு தடவ கூட அதப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாரு. பாத்துட்டு வெட்டு."

10

இதற்கு மேல் பதினோரு முடிவு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? கேட்டவர்கள் எல்லாவற்றையும் நம்பினார்கள். அதனால்தான் பன்னிரண்டாவதை எழுத மாட்டேன் என்று முடிவு செய்தேன். இனோங்கே திட்டினாள், கரண்டியைக் காட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை.

நான் எழுதுவது இவ்வளவுதான். ஜெரே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, பணியாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஓட்டுநர் தேர்வில் ஆளைப் பார்ப்பது போல இல்லை. அந்த யானை எங்கிருந்து புறப்பட்டது, எந்த வழியாக வந்தது, எப்படி இவ்வளவு தூரம் உயிரோடு வந்து சேர்ந்தது என்று கட்டம் கட்டமாகக் கண்ணாலேயே பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார். உதடு அசைந்தது. "அட," என்றார். சத்தமாக இல்லை. ஆனால் கபாசோவுக்குக் கேட்டுவிட்டது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெரேயின் கை எழும்பிப் பலகைக்கு மேல் நிற்கிறது. கடிகாரத்தில் நாலு நிமிடம் இருக்கிறது. பணியாரம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அவர் பக்கத்தில் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. வாருங்கள். ஆடு படுத்திருக்கிறது, காலைப் பார்த்து வையுங்கள்.